செண்டுமல்லியும் நம் வியாபாரமும்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நம் கடைப்படி ஏறும் வாடிக்கையாளர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல. நாம் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்பதை அவர்கள் பந்திப்பூ என்பார்கள். மெக்சிகோவிலிருந்து வந்த பூதான். ஆனாலும் பண்டிகை நாளில் அவர்கள் வீட்டு வாசல் தோரணத்தில் அது இருக்கும். மார்கழியில் கோலத்தின் நடுவே வைக்கும் 'கொப்பெம்மா' சாண உருண்டையிலும் பூசணிப் பூவோடு அதைச் செருகுவார்கள். தெலங்கானாவின் பதுகம்மா பூவடுக்கிலும் அதற்கு இடமுண்டு.

ஆனால் நம் கடைகளில் தொங்குவதோ பிளாஸ்டிக் தோரணம்! ஒரு முறை வாங்கியவர் மறுவருடம் அதற்காக வரமாட்டார். நிஜப்பூ வேண்டுமென்றால், விலை ஏறிய நாளில் கோயம்பேட்டுக்குப் போவார்.

செண்டுமல்லி விதைத்துச் சுமார் 3 மாதத்தில் பூக்கும். நல்ல வெயிலும் தண்ணீர் தேங்காத தொட்டியும் இருந்தால் மொட்டை மாடியே போதும். ஆயுத பூஜைக்கு ஆனியிலும், சங்கராந்திக்குப் புரட்டாசிக் கடைசியிலும் விதைக்க வேண்டும். ஐப்பசி மழையில் நாற்று அழுகாமல் காக்க வேண்டும்.

அந்த மாதங்களில் விதைப் பொட்டலங்களைக் கல்லா அருகே வைப்போம். பழைய விதை சரியாக முளைக்காது. தேதி பார்த்துக் கொள்முதல் செய்வோம். இதில் லாபம் சொற்பம்தான். ஆனால் வாடிக்கையாளரின் பண்டிகையை 3 மாதம் முன்பே நினைவில் வைக்கும் கடையின் வியாபாரத்தை எந்தப் பெரிய கடையும் எளிதில் பறித்துவிட முடியாது என்பதே நம் கருத்து.