பழைய கணினியும் புதிய டீமேக்கரும்

விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு அளித்துவந்த இலவசப் பராமரிப்பை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. இஃது எங்கோ மேல்நாட்டு அலுவலகங்களுக்குரிய செய்தி என்று நம்மிற் பலர் அன்று எண்ணியிருக்கக் கூடும். இரயில் பாதையே 1924ஆம் ஆண்டில்தான் பதுளையை வந்தடைந்தது. நமக்கு எதுவும் சற்றுத் தாமதமாகவே வரும். இப்பொழுது இச்செய்தியும் பசறைக்கும் லுணுகலைக்கும் மடுல்சீமைக்கும் மலையேறி வந்து சேர்ந்துவிட்டது.

கொழும்பிலே வேலை பார்க்கும் அண்ணன் மாதாமாதம் மிச்சம் பிடித்து வாங்கிக் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று லயத்து வீட்டிலே இருக்கிறது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் தங்கைக்கு அதுவே நூலகம், அதுவே எழுதுமேசை. திரையிலே எச்சரிக்கை ஒன்று தோன்றுகிறது. பட்டணத்துக் கடைக்கு எடுத்துச் சென்றால், "இது இனிச் சரிவராது, தங்கச்சி, புதிதாக ஒன்று எடுங்கள்" என்று விடை கிடைக்கிறது. புதிய கணினியின் விலை தோட்டத்துக் குடும்பமொன்றின் பல மாத உழைப்பு என்பதை நேயர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனவே, அந்த விடை சரியானதுதானா என்பதை ஆற அமர ஆராய்வது நம் கடமையாகின்றது.

பணிசெயல் முறைமை என்பது யாது? சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த பிள்ளைகள் இதற்கு இலக்கணப்படி விடை கூறுவர். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு நாம் ஸ்டோரை உதாரணமாகக் காட்டுவோம். மலையிலிருந்து கொழுந்து வருகிறது. வாட்டும் தட்டுகள், அரைக்கும் ரோலர்கள், டிரையர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் எந்தக் கொழுந்து எப்பொழுது எந்த ரோலருக்குப் போக வேண்டும், டிரையருக்குச் சூடு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து நடத்துபவர் டீமேக்கர். கணினிக்குள்ளே அந்த டீமேக்கரின் உத்தியோகத்தைப் பார்ப்பதே பணிசெயல் முறைமை. நீங்கள் எழுதும் கடிதமும் பார்க்கும் படமும் கொழுந்து. நினைவகமும் வன்தட்டும் இயந்திரங்கள். டீமேக்கர் ஓய்வு பெற்றுச் செல்கிறார் என்பதற்காக ரோலரைப் பழைய இரும்புக்கு விற்பாருண்டோ?

இனி, பராமரிப்பு நின்றது என்பதன் பொருளை அறிவோம். கணினி நின்றுவிடாது, நேற்றுப் போல இன்றும் இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் வாரா. வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் அதிலே திறப்பவருக்கு இது நாளடைவில் ஆபத்தே. மேலும் ஓராண்டு, 2026 ஒக்டோபர் 13 வரை, பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்குத் திருத்தங்கள் தரப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. அது கடனுக்குக் கிடைத்த தவணையேயன்றிக் கடன் தீர்ந்ததாகாது.

"விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே?" என்பது அடுத்த கேள்வி. போடலாம், இயந்திரம் இடங்கொடுத்தால். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் ஆயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் அதற்கு வேண்டும். அந்தத் தலைமுறை 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியிற்றான் சந்தைக்கு வந்தது. ஆதலால் அதற்கு முந்திய கணினிகள், எவ்வளவு திடகாத்திரமாக இருப்பினும், வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. வாசற்காவலனை ஏய்த்து உள்ளே நுழைக்கும் தந்திரங்களைக் கற்றுத் தருவோரும் உளர். அவ்வாறு நுழைந்த கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்குமென்று உறுதியில்லை என நிறுவனமே சொல்லிவிட்டது. கள்ளப் பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளையும் காக்கிறது. ஊரெல்லாம் செய்கிறார்கள் என்பது சட்டத்தின் முன் நியாயமாகாது.

மற்றொரு டீமேக்கர் இருக்கிறார், பெயர் லினக்ஸ். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவை எழுதி, எவரும் எடுத்து ஆராயலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உலகத்தின் முன் வைத்தார். அமெரிக்காவிலே ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் அறிவித்த குனூ என்னும் முயற்சியின் பகுதிகளும் அதனோடு சேர்ந்தன. ஒரே கொழுந்திலிருந்து பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட் என்று பல தரங்கள் பிரிவது போல, இந்த ஒரு கருவிலிருந்து டெபியன், உபுண்டு, மின்ட் என்று பல வழங்கல்கள் பிரிந்துள்ளன. விண்டோஸில் பழகிய கைகளுக்கு மின்ட் ஏற்றது என்பது எமது அபிப்பிராயம். அதன் முகப்பும் பட்டியலும் பழகியவை போலவே தோன்றும். 2024இல் வெளிவந்த அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு உண்டு. இரண்டு கிகாபைட்டு நினைவகம் இருந்தால் இயங்கும். நான்கு இருந்தால் நன்று.

லினக்ஸ் என்ற பெயர் கேட்டே அஞ்சுவோருக்கு ஒன்று கூறுவோம். உங்கள் மடியிலே இருக்கும் அன்ட்ரொய்ட் கைப்பேசி அதே கருவின் மேல் இயங்குவதுதான். மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவும் பல ஆண்டுகளாக லினக்ஸ் உபயோகித்து வருகிறார்; அவருக்குத் தெரியாது, அவ்வளவே.

நிற்க. நம்மவர்க்கு மாத்திரமே உரிய கேள்வியொன்று உண்டு. கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதாத கேள்வி அது: "என் பாமினிக் கோப்புகள் என்னாகும்?"

இலங்கைத் தமிழர் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அச்சகங்களிலும் பல்லாண்டுகளாகத் தமிழ் என்றால் பாமினி என்றே இருந்தது. வினாத்தாள், கோயில் திருவிழா அறிவித்தல், மரணச் சடங்கு நன்றி நவிலல், நற்சான்றுப் பத்திரம், சங்கத்தின் கூட்டறிக்கை யாவும் அதில் அடிக்கப்பட்டன. ஆயின் பாமினி உண்மையில் தமிழைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, அவற்றின் மேல் தமிழ் முகமூடி ஒன்றை மாட்டிவிடுகிறது. "தமிழ்" என்று நீங்கள் அடித்த சொல், கோப்புக்குள்ளே ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. "இலங்கை" என்ற சொல் காற்புள்ளியில் தொடங்குகிறது! முகமூடி இல்லாத கணினியிலே திறந்தால், அப்பாவின் கடிதம் அர்த்தமற்ற ஆங்கிலக் குப்பையாகத் தெரிவது இதனாலேயே. கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்தவர்களும் உளர். அருள்கூர்ந்து அழிக்க வேண்டாம்.

உடனடிப் பரிகாரம் எளிது. பழைய கணினியிலுள்ள பாமினி எழுத்துருக் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துச் சென்று லினக்ஸில் திறந்தால், நிறுவுக என்ற பொத்தான் தோன்றும். அதனை அழுத்தியபின் பழைய கோப்புகள் பழையபடி தெரியும், அச்சிடவும் செய்யும். அச்சகங்களிலிருந்து வாங்கிய ஏனைய பழைய எழுத்துருக்களுக்கும் இதே வழிதான்.

ஆனால் அத்துடன் நின்றுவிடலாகாது. யுனிகோட் என்னும் உலகப் பொதுக் குறிமுறையிலே 1991இன் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்கென்று தனியிடம் உண்டு. கைப்பேசியில் நாம் எழுதுவது அந்தத் தமிழ். அதிலே "பதுளை" என்று தேடினால் பதுளை கிடைக்கும். பாமினிக் கோப்பிலே அவ்வாறு தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆதலால் வைத்துப் போற்ற வேண்டிய கோப்புகளை யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். பொங்குதமிழ் முதலிய மாற்றிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. ஒரு பெட்டியில் இட்டால் மறு பெட்டியில் தமிழ் வந்து விழும். இதிலே ஓர் எச்சரிக்கை உண்டு. கோப்பின் நடுவே ஆங்கிலச் சொற்களோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், மாற்றி அவற்றையும் பாமினி என்று கருதித் தமிழ் எழுத்துகளாகச் சிதைத்துவிடும். தமிழ்ப் பகுதியை வேறாக, ஆங்கிலப் பகுதியை வேறாக எடுத்து மாற்றுதலே விவேகம். மாற்றிய பின் ஒருமுறை வாசித்துப் பார்த்து, மூலக் கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். தாத்தாவின் பெயர் பிழைபட்டால் அதைக் கண்டறிய வீட்டாரைத் தவிர வேறு யாரால் இயலும்?

விரல்கள் பழகிய சாவிப்பலகையோ எனில், அதுவும் கைவிட்டுப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலே பிறந்து மலாயா, சிங்கப்பூரிலே வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் 247 தமிழ் எழுத்துகளையும் ஒரு சிறு தட்டச்சுப் பலகையில் அடக்கப் பட்ட பாட்டின் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். அத்தட்டச்சு மரபை ஒட்டிய ரெங்கநாதன் சாவிப்பலகையே இலங்கைத் தர நிர்ணயமான எஸ்.எல்.எஸ். 1326:2008இல் இடம் பெற்றது. லினக்ஸின் தமிழ் உள்ளீட்டுப் பட்டியலிலே ரெங்கநாதன் என்ற பெயரையே காணலாம். பாமினியில் வேகமாக அடித்தவர் சில நாட்களில் இதிலும் வேகம் பெறுவார். கைப்பேசிப் பழக்கத்தினால் ஒலிப்பு முறையில் அடிப்போருக்கு அதுவும், தமிழ்நாட்டார் விரும்பும் தமிழ்99 முறையும் அங்கேயே உண்டு.

"பிள்ளை படிப்பில் பின்தங்கிவிடாதா?" என்று தாய்மார் கேட்கின்றனர். நியாயமான கவலை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும், பரீட்சைத் திணைக்களத்தின் தளமும், கடந்தகால வினாத்தாள்களும் உலாவியில் திறப்பவை; உலாவிக்கு எந்த டீமேக்கராயினும் ஒன்றுதான். சூம் வகுப்புக்கும் லினக்ஸுக்கென்றே பதிப்பு உண்டு. எழுத்து, கணக்கு அட்டவணை, நிகழ்த்துகை ஆகியவற்றுக்கு லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. வேர்ட் கோப்புகளை அது திறக்கும். ஆனால் அட்டவணைகளும் படங்களும் நிறைந்த பக்கத்தில் வரிகள் சற்று இடம் பெயரலாம். ஆசிரியருக்கு அனுப்பும்போது பீ.டி.எப். ஆக அனுப்பினால் அத்தொல்லை இல்லை. அண்டைக் கேரளத்து அரசுப் பள்ளிகளிலே இலட்சக்கணக்கான பிள்ளைகள் பல்லாண்டுகளாகக் கணினி கற்பது லினக்ஸில்தான்.

எனினும், மாறியவர் எல்லோரும் மகிழ்ந்தார் என்று கூறுவது உண்மையாகாது. ஜெர்மனியின் முனிக் மாநகராட்சி 2003இல் தீர்மானித்து ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. அரசியற் காரணங்களும் சொல்லப்பட்டன. பிற அலுவலகங்களோடு கோப்புகளைப் பரிமாறுவதிலே ஏற்பட்ட சங்கடங்களும் பெரிதாகப் பேசப்பட்டன. அதே நாட்டின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமோ 2024இல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கும் லினக்ஸுக்கும் மாற்றப் போவதாக அறிவித்தது. நாம் இதிலிருந்து பெறுவது யாதெனில், யாரோடு எதைப் பரிமாறுகிறோம் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே. பேஜ்மேக்கரிலும் போட்டோஷொப்பிலும் நாள் முழுவதும் வேலை செய்யும் அச்சகத்தாரும், கடைக் கணக்குக்கென விண்டோஸ் மென்பொருள் வாங்கியவர்களும் மாறுவது உசிதமன்று. அச்சியந்திரத்தையும் பார்த்துக்கொள்க. எச்.பி. வகைகள் பெரும்பாலும் தொல்லையின்றி இயங்கும். நம்மூரில் எங்கும் காணப்படும் கெனன் எல்.பி.பி. 2900 போன்றவற்றுக்குச் சற்று மெனக்கெட வேண்டும்.

வைரஸ் வராதா என்றும் கேட்கிறார்கள். கொமியுனிகேஷன் கடையில் அச்செடுக்கக் கொடுத்த பென் டிரைவில் ஏறிவரும் விண்டோஸ் வைரஸ்கள் லினக்ஸில் இயங்குவதில்லை. ஆனால் பரிசு விழுந்தது என்று வந்த செய்தியை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால் எந்த முறைமையாலும் காப்பாற்ற முடியாது.

வேகம் கூடுமா? ஓரளவு கூடும். எனினும், பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டு ஒன்றைப் பொருத்தினால் கிடைக்கும் வேகம் அதனினும் பெரிது. புதிய கணினிக்குச் செலவிட எண்ணியதில் ஒரு சிறு பங்கே அதற்குப் போதும்.

இறுதியாக, மாறும் விதம். முதலில் எல்லாக் கோப்புகளையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்று பாருங்கள். மின்ட் கோப்பு ஏறத்தாழ மூன்று கிகாபைட்டு. தோட்டத்துச் சிக்னலில் இறக்க நெடுநேரம் ஆகும். பட்டணத்தில் ஒருவர் ஒருமுறை இறக்கினால் போதும். அதைப் பிரதி எடுத்துத் தோட்டம் முழுவதற்கும் கொடுப்பதை அதன் உரிமமே அனுமதிக்கிறது. எட்டு கிகாபைட்டு பென் டிரைவில் உரிய முறைப்படி எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடக்கினால், வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் எழுந்து நிற்கும். வைபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, தமிழ் தெரிகிறதா, அச்சியந்திரம் பேசுகிறதா என்று இரண்டு மூன்று நாட்கள் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் பென் டிரைவைக் கழற்றினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். பிடித்தாலும், வன்தட்டில் இடமிருப்பின் இரண்டையும் பக்கத்திற் பக்கம் வைத்துக்கொள்ளலாம். பரீட்சை நெருங்கிய பிள்ளை உள்ள வீட்டில் அப்படிச் செய்வதே நல்லது.

நிறுவும் வேலையை மழைக்காலத்து மாலையில் தொடங்க வேண்டாம். இடியோடு மின்சாரம் போய், வேலை பாதியில் நின்றால், கணினி இரண்டு டீமேக்கரும் இல்லாத ஸ்டோராகிவிடும். மின்கலத்தை நிரப்பி, விடுமுறைக் காலைப்பொழுதில் தொடங்குங்கள். பழைய மடிக்கணினியாயினும் பகற்சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.