தமிழுக்கு ஏற்ற கருவி

உழவனுக்கு ஏர், தச்சனுக்கு உளி எனத் தொழில்தோறும் கருவி வேறுபடும். கருவி செவ்விதாயின் வினையும் செவ்விதாகும். இந்நாளில் எழுத்து வேலையின் பெரும்பகுதி கணினியிலும் கைப்பேசியிலும் நிகழ்கின்றது. அவற்றில் அன்றாடம் பயன்படும் மென்பொருள்கள் பல. கணக்கிடுவன சில, படம் வரைவன சில, கடிதம் அனுப்புவன சில. அவை எல்லாவற்றினும் தமிழர்க்கு முதற்கண் வேண்டுவது, தமிழைப் பிழையின்றி எழுத உதவும் மென்பொருளே ஆகும்.

தேனி மாவட்டத்தில் சண்முகநதி அணைக்கு அருகே உள்ள ஊர் ராயப்பன்பட்டி. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சை விளையும் பள்ளத்தாக்கு அது. அங்கு உழவர் ஒருவர், தம் கொல்லையில் விளைந்த திராட்சை மழையால் அழிந்தது என விண்ணப்பம் எழுதித் தருமாறு பள்ளியிற் பயிலும் தம் மகளைக் கேட்கின்றார் எனக் கொள்க. அச்சிறுமி ஆங்கில எழுத்துகளை அழுத்தித் தமிழ்ச் சொற்களைப் பெறும் முறையில் எழுதுகின்றாள். ‘கொல்லை’ என்பது ‘கொள்ளை’ ஆகிவிடுகின்றது. மழையால் வந்த இழப்பு கள்வரால் வந்ததுபோல் தோன்றுகின்றது! லகரத்திற்கும் ளகரத்திற்கும் ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றே; ழகரத்திற்கோ எழுத்தே இல்லை. அயல் எழுத்தின் வழியே தமிழை நினைப்பவர்க்கு இவ்வேறுபாடுகள் நாளடைவில் மறந்துபோகும்.

இக்குறை நீக்க வல்லது ‘தமிழ்99’ என்னும் விசைப்பலகை. 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான இதனைத் தமிழ்நாடு அரசு அவ்வாண்டிலேயே ஏற்றுக்கொண்டது. இதில் உயிரெழுத்துகள் 12க்கும் மெய்யெழுத்துகள் 18க்கும் தனித்தனி விசைகள் உள. புள்ளிக்கும் ஆய்தத்திற்கும் பொதுவாக ஒரு விசை உண்டு. ஆக, 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடங்குகின்றன. மெய்க்குரிய விசையை அடுத்து உயிருக்குரிய விசையை அழுத்தினால் உயிர்மெய் தோன்றும்.

மற்றுமொரு நயமும் இதன்கண் உண்டு. மெல்லினத்தை அடுத்து அதன் இனமாகிய வல்லினம் வருமாயின், மெல்லெழுத்துத் தானே புள்ளி பெறும். ‘கம்பம்’ என எழுதுவோர் க, ம, ப, ம என அழுத்தி, இறுதியில் மட்டும் புள்ளி இட்டாற் போதும். மாணாக்கர் வகுப்பறையிற் கற்கும் இலக்கணமே இங்கு விரல்நுனியிற் பயன் தருகின்றது.

இதனைப் பழகுதல் அரிது என்பர் சிலர். ஆங்கில எழுத்துவழி எழுதுதல் விரைவிற் கைவரும் என்பது மெய்யே. தட்டச்சுப் பொறியில் நெடுநாள் பழகியோர் தம் முறையை விடவும் வேண்டுவதில்லை. ஆயின் இனிக் கற்கப் புகும் இளையோர், சின்னாள் முயற்சிக்கு அஞ்சி வாழ்நாள் முழுதும் பிறமொழி எழுத்தை ஊன்றுகோலாகக் கொள்ளுதல் தகாது. எ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய மென்பொருள்கள் கணினியில் இம்முறையில் எழுத உதவுகின்றன. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய செல்லினம் கைப்பேசியில் உதவுகின்றது.

மொழியை அறிந்து அமைத்த கருவி, பயன்படுத்துவோர்க்கும் மொழியறிவைப் பெருக்கும். ஆதலின் மாணாக்கர் தமிழ்99 முறையை இளமையிலேயே பழகுவாராக. தந்தைக்காக எழுதும் விண்ணப்பமாயினும், நாட்டுக்காக எழுதும் நூலாயினும், அவர்தம் தமிழ் பிழையின்றிப் பொலியும்.