குழந்தைகளின் சிரங்கும் கூட்டுறவு மருந்தகமும்

கோடையில் குழந்தைகளுக்குச் சிரங்கு வருவது இயல்புதானே என்று நம் அங்கத்தினர் பலர் கருதுகின்றனர். வாயோரத்திலும் முழங்காலிலும் கொப்புளம் கண்டு, உடைந்து, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டும் இப்புண், ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமிகளால் உண்டாவது. ஒரே துண்டு, ஒரே பாய் வழியாக வீடு முழுவதும் பரவுவது. பின்னதால் வந்த சிரங்கு ஆறிய சில வாரங்களில் சிறுநீரகம் பழுதுற்றுக் குழந்தையின் முகம் வீங்குவதும் உண்டு. ஆகவே அலட்சியம் தகாது.

அலட்சியத்தினும் கேடானது அரைகுறை வைத்தியம். கடையில் நாலு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்குகின்றனர். இரண்டு நாளில் புண் காய்ந்ததும் மீதி மாடத்துக்குப் போகிறது. அடுத்த குழந்தைக்கு அதுவே மருந்து! பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே ஸ்டெஃபிலோகாக்கஸ் அதற்கு அடங்க மறுத்தது. அதனை அடக்க ஆக்கிய மெதிசிலினையும் எதிர்த்து நின்ற கிருமி 1961-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. இன்று நம் நாட்டிலும் அது அரிதன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் இன்றளவும் பெனிசிலினுக்குப் பணிகிறது. ஆறாத புண்ணில் இருப்பது எக்கிருமி, எம்மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதைச் சீழை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தே அறியலாம். கடைக்காரர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதன்று.

மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்கலாகாது என்பது சட்டம். 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டபின் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் மருந்துக் கடைகள் பெருகியுள்ளன. பக்கத்துக் கடை கொடுக்கிறதே என்பது நமக்கு மறுமொழியாகாது. விற்பனை குறையினும் குறையட்டும். சீட்டில்லாதவருக்கு இல்லையென்று சொல்லும் முதற்கடை நம் கடையாக இருத்தல் வேண்டும். (கோழி வளர்க்கும் அங்கத்தினரும் ஒன்றை நினைவிற்கொள்க: மருத்துவர்களின் கடைசி ஆயுதங்களுள் ஒன்றான கொலிஸ்டினைப் பண்ணைகளுக்கு விற்பதை மத்திய அரசு 2019-இல் தடை செய்தது. அம்மருந்து சிரங்குக்கு ஆகாது; ஆயினும் நியாயம் ஒன்றே.)

நெசவாளியைக் குறை கூறுவது எளிது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் தறி நிற்கிறது. அன்றைய கூலியும் நிற்கிறது. கடை மாத்திரையை நாடுவது இதனாலேயே. ஆதலின் சேலையை ஒப்படைத்துக் கூலி பெறும் நாளில், சங்கக் கட்டடத்திலேயே குழந்தைகளைப் பார்க்கச் சுகாதார நிலையத்தாரை அழைக்கலாம். பொது நல நிதியில் சோப்பும் வழங்கலாம். சோப்பா என்று நகைக்க வேண்டாம். கராச்சிக் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், சோப்பிட்டுக் கைகழுவப் பழகிய வீடுகளில் சிறுவர் சிரங்கு 34 சதவீதம் குறைவாக இருந்தது.

வரும் பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்விரண்டையும் சேர்க்குமாறு நிர்வாகக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.