வாளேந்தியவனுக்கு வாக்கு வேண்டாமா?

விளையாட்டுத்தானே என்று நாம் எளிதில் ஒதுக்கிவிடும் ஒன்றினுள்ளே, வலிமை படைத்தவனுக்குச் சமுதாயத்திலே என்ன இடம் என்னும் பெரிய வினா ஒளிந்திருத்தல் கூடும். மேனாட்டவர் மேசையைச் சுற்றியிருந்து ஆடும் பாத்திர விளையாட்டிலே அவ்வினா 50 ஆண்டுகளுக்கு மேலாக எழுந்தவண்ணம் இருக்கின்றது. மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் எனக் கருதி, அதனை இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம்.

ஆட்டத்தின் முறை இதுவாகும். நாலைந்து பேர் கூடுவர். ஒருவர் நடுவராக இருந்து கதை நிகழும் உலகத்தை விவரிப்பார். அரசனும் அரக்கனும் வழிப்போக்கனும் அவர் வாயிலாகவே பேசுவர். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் யாது செய்யும், யாது சொல்லும் என்று கூறுவர். முடிவு ஐயத்துக்கிடமாகும்போது பகடை உருட்டப்படும். பாத்திரத்தின் ஆற்றல்கள் ஒரு தாளிலே எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்கள் பகடையில் விழும் எண்ணுக்குத் துணை புரியும்.

இவ்வகை விளையாட்டுக்களுள் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதாம். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974 ஆம் ஆண்டு அது வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். பொம்மைப் படைகளை மேசைமீது நிறுத்திப் போர் புரியும் விளையாட்டினின்றும் கிளைத்தமையால், அதிலே போர்வீரன் முதன்மை பெற்றதில் வியப்பில்லை. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூவகைப் பாத்திரங்களே அன்று இருந்தன.

அம்முதல் நூலிலே வீரனுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு கவனிக்கத்தக்கது. அவன் அனுபவத்தால் படிப்படியாக உயர்ந்து, ஒன்பதாம் படியை எய்தும்போது 'பிரபு' என்னும் பெயர் பெறுவான். கோட்டையொன்று கட்டிச் சூழவுள்ள நிலத்தை ஆளுவான். குடியொருவருக்கு ஆண்டொன்றுக்கு 10 பொற்காசு அவனுக்கு இறையாக வரும். 1978 இல் வெளிவந்த விரிந்த விதிநூலிலும், கோட்டை நிறுவிய வீரனை நாடிப் போராட்கள் தாமே வந்து சேர்வர் என்று எழுதப்பட்டது. ஐரோப்பாவின் இடைக்காலத்திலே நிலமும் படைத்தொழிலும் பிணைந்திருந்த முறைமையின் சாயல் இதுவென்பது வெளிப்படை.

இறை பெறுபவன் குடிகளின் முறையீட்டுக்குச் செவிசாய்த்தல் வேண்டும். அயல்நாட்டுப் பிரபுவோடு உடன்படிக்கை பேசல் வேண்டும். தன்னை நம்பி வந்த போராட்களுக்குச் சோறும் கூலியும் அளித்தல் வேண்டும். ஆகவே வாளால் தொடங்கிய வாழ்வு, வளர வளரச் சொல்லாலும் நீதியாலும் நடத்தப்படும் வாழ்வாக மாறவேண்டியதாயிற்று. வலிமையின் பயன் பொறுப்பு என்பதே அவ்விதியின் உட்கிடை.

2000 ஆம் ஆண்டு வெளியான மூன்றாம் பதிப்பிலே இந்நிலை மாறிற்று. கோட்டையும் பின்பற்றுவோரும் வீரனுக்குரிய உரிமையாக இருந்தமை நீங்கியது. தலைமைப் பண்பு என்பது ஆறாம் படியை எய்திய எப்பாத்திரமும் தெரிந்து கொள்ளத்தக்க சிறப்பாற்றல்களுள் ஒன்றாயிற்று. வரிக்கணக்குப் பார்ப்பதிலும் குகையிற் புகுந்து புதையல் தேடுவதிலே பலருக்கு விருப்பம் மிகுதி. தலைமை வீரனுக்கு மட்டும் உரியதாதல் முறையுமன்று. ஆதலின் இம்மாற்றத்திலும் ஓரளவு நியாயமுண்டு.

ஆனால் எடுத்த பொறுப்புக்கு ஈடாக வீரனுக்குக் கொடுத்தது யாது? அப்பதிப்பின் 2003 ஆம் ஆண்டுத் திருத்திய வடிவிலே அவன் தொழிலுக்குரிய திறன்கள் ஏறுதல், தாண்டுதல், நீந்துதல், குதிரையூர்தல், விலங்குகளைப் பழக்குதல், கைவினை, அச்சுறுத்தல் என்பனவே. மனிதரோடு மனிதனாகப் பழகுதற்கு அவனுக்குக் கிடைத்த திறன் அச்சுறுத்தல் ஒன்றே! இணக்கமாகப் பேசும் திறனை அவன் கற்க விரும்பினால், பிறர் கொடுப்பதுபோல் இருமடங்கு கொடுத்தே பெறவேண்டும். 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பின் வீரர் பட்டியலிலும் அச்சுறுத்தல் இருந்தது, இணங்கவைத்தல் இருக்கவில்லை.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அரசவைக் காட்சியொன்று வருகின்றது. முற்றுகைக்கு அஞ்சிய அரசன் அறிவுரை கேட்கின்றான். போரின் தன்மையை நன்கறிந்தவன் வீரனே. ஆயினும் பேசுதற்கு எழுபவன் பாணன். ஏனெனில் அவன் தாளிலேதான் பேச்சுத்திறனின் எண் பெரிது. வீரனாக ஆடும் இளைஞனோ அடுத்த சண்டை வரும்வரை பகடையைக் கையில் உருட்டிக்கொண்டு வாளாவிருக்கின்றான். 'வாயைத் திறக்காதே என்று விதி சொல்லவில்லையே' எனச் சிலர் கேட்பர். உண்மைதான். ஆனால் விதி எதற்குப் பரிசளிக்கின்றதோ அதனையே மனம் நாடும். பள்ளிக்கூடத்திலே ஒரு பிள்ளையை 'நீ பந்தடிக்கத்தான் சரி' என்று நாலு முறை சொன்னால், ஐந்தாம் முறை அவன் வகுப்பிலே கையுயர்த்துவானா?

வேறு வழியும் உண்டு என்பதற்குக் கிரெக் ஸ்டாஃபோர்ட் என்பார் ஆக்கி, 1985 இல் வெளிவந்த 'பெண்ட்ராகன்' சான்று பகரும். ஆர்தர் மன்னன் காலத்து வீரப்பெருமக்களின் கதை அது. அங்கே வீரனுக்கு வாட்போரும் குதிரையேற்றமும் மட்டுமல்ல, அவைமரபு, சொல்வன்மை, பாடல், ஆடல் என்பனவும் உரிய திறன்களாம். கருணையும் கொடுமையும், அடக்கமும் செருக்கும் போன்ற 13 இணைகளாக அவன் குணங்கள் எண்ணாற் குறிக்கப்படும். ஒன்று கூடினால் அதன் எதிர் குறையும். தலைவன்பால் விசுவாசம், குடும்பத்தின்பால் அன்பு, விருந்தோம்பல் என்பனவும் தாளிலே இடம்பெறும். ஆண்டுதோறும் மாரிக்காலம் வந்ததும் வாள் உறையிலிடப்படும். விளைச்சல், திருமணம், மக்கட்பேறு, முதுமை என்பன கணக்கிடப்படும். தந்தை இறப்பின் மைந்தன் அவ்விடத்தை ஏற்பான். வீரனொருவன் மகனாகவும் கணவனாகவும் தந்தையாகவும் வாழ்கின்றான் என்பதை அவ்விளையாட்டு மறக்கவில்லை.

'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' ஆக்குநரும் இக்குறையை ஓரளவு நீக்கியுள்ளனர். 2024 இல் வெளியான திருத்திய நூலிலே, வீரன் தெரியத்தக்க திறன்களுள் இணங்கவைத்தலும் சேர்க்கப்பட்டது. போரிலே தன் களைப்பை ஆற்றுதற்கு வைத்திருக்கும் ஆற்றலைச் செலவிட்டு, தவறிப்போன பிற முயற்சியொன்றைத் தூக்கி நிறுத்தவும் அவனுக்கு வழி திறக்கப்பட்டது. சிறு திருத்தமே, ஆயினும் அவையிலே எழுந்து பேச அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

வலியவனை நாம் இருவகையாக ஆக்கலாம். ஆபத்து வந்தபோது மட்டும் அழைத்து, அது நீங்கியதும் வாயிலில் நிறுத்திவைக்கும் காவலாளாக ஆக்கலாம். அல்லது தான் காத்த மக்களின் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசவும் விடை கூறவும் கடமைப்பட்டவனாக ஆக்கலாம். முன்னவனுக்குத் தெரிந்த மொழி அச்சுறுத்தல் ஒன்றாகவே நின்றுவிடின், குற்றம் அவனுடையது மட்டுமன்று. உடல் வலிமையும் ஊக்கமும் மிக்க பிள்ளைகளைப் பெற்றோரும், அவர்களுக்குக் கற்பிப்போரும், விளையாட்டு மைதானத்திலே காட்டும் பெருமையைச் சபையிலும் அவர்களுக்குக் காட்டுவாராக. வாளைக் கொடுத்த கையே வாக்கையும் கொடுத்தல் வேண்டும்.