சவுக்குத் தோப்புக்குச் சங்கிலி ரம்பம்

ஒரு ஏக்கரில் சவுக்கு வைத்துள்ள விவசாயி நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மரம் வெட்டுகிறார். அதற்கெனத் தனியே சங்கிலி ரம்பம் வாங்குவது வீண் செலவு. நாலைந்து பேர் கூட்டாக வாங்கலாம். ஆனால், விலை மலிவு என்று சங்கிலித் தடை இல்லாத ரம்பத்தை வாங்கவே கூடாது. ரம்பப் பட்டையின் மேல்நுனி மரத்தில் பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்துவது அந்தத் தடைதான்.

வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கையேட்டில் 50-க்கு 1 என்றிருந்தால், லிட்டருக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்கவேண்டும். கடைக்காரரின் கைக்கணக்கு உதவாது.

வேட்டியை மடித்துக் கட்டி, வெறுங்காலுடன் அறுப்பதை இன்னும் பல ஊர்களில் காண்கிறோம். தலைக்கவசம், முகத்திரை, பூட்ஸ் ஆகியவற்றின் விலையையும் ரம்பத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடவேண்டும். கூலிக்கு அறுக்க வருபவருக்கும் தோப்புக்காரரே இவற்றைக் கொடுப்பதுதான் முறை.