டிசைனை அப்புறம் பாருங்க, முதல்ல குப்பைக்கூடையைப் பாருங்க

"டாக்டர், டாட்டூ போட்டுக்கலாமா?"ன்னு முன்னாடியே வந்து கேக்குறவங்க ரொம்பக் கம்மி. போட்டு முடிச்சுட்டு வந்து "டாக்டர், இது ஏன் இப்படி ஆச்சு?"ன்னு கேக்குறவங்கதான் அதிகம். இந்தப் பதிவு இன்னும் போடாதவங்களுக்கு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் டாட்டூவுக்கு எதிரி இல்ல. என் பாட்டி முழங்கை வரைக்கும் கோலம் பச்சை குத்தியிருந்தவங்க. பச்சை குத்துறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. உங்க உடம்பு, உங்க ஆசை. போடலாமா வேண்டாமான்னு சொல்ல நான் வரல. யார்கிட்ட போடுறதுன்னு மட்டும் பேசுவோம்.

ஒரு பையன். 24 வயசு, ஐ.டி.ஐ. முடிச்சவன். கல்ஃப்ல வெல்டர் வேலை உறுதியாகி, விசாவுக்கு மெடிக்கல் எடுக்கப் போனான். "அன்ஃபிட்"னு வந்துடுச்சு. ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு அவனும் அவங்க அம்மாவும் என்கிட்ட வந்தாங்க. ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ். உடம்புல ஒரு தொந்தரவும் கிடையாது. நல்லா சாப்பிடுறான், நல்லா தூங்குறான்.

ரத்தம் ஏத்துனது இல்ல, ஆபரேஷன் இல்ல, போதை ஊசிப் பழக்கம் இல்ல. எல்லாம் கேட்டுட்டுக் கடைசியா கையைப் பார்த்தேன். மணிக்கட்டுல ஒரு பேரு. "இது எப்ப போட்டது தம்பி?" "ரெண்டு வருஷம் முன்னாடி சார், திருவிழாவுல. ஃபிரெண்ட்ஸ் நாலு பேரும் சேர்ந்து போட்டோம்."

"ஊசி மாத்துனாங்களா?"

கொஞ்ச நேரம் யோசிச்சான். "துடைச்சாங்க சார்."

அந்த நாலு பேருல இன்னொருத்தனுக்கும் பாசிட்டிவ் வந்துச்சு. டாட்டூவாலதான் வந்ததுன்னு என்னால கோர்ட்ல நிரூபிக்க முடியாது. ஆனா வேற வழியும் எனக்குத் தெரியல.

இதுல நல்ல செய்தி, ஹெபடைடிஸ் சி இன்னிக்கு மாத்திரையிலயே குணமாகும். பெரும்பாலும் 12 வாரம். 2018-ல ஆரம்பிச்ச தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல அரசு மருத்துவமனைகள்ல இலவசமாவே தர்றாங்க. அவனுக்கும் குணமாயிடுச்சு. ஆனா வைரஸ் போன பிறகும் ஆன்ட்டிபாடி ரத்தத்துல தங்கிடும். அந்த டெஸ்ட் எடுத்தா இனிமேலும் பாசிட்டிவ்னுதான் காட்டும். ஒவ்வொரு மெடிக்கல்லயும் "எனக்குக் குணமாயிடுச்சு சார்"னு ரிப்போர்ட்டை நீட்டி விளக்கணும். அந்த விசா போனது போனதுதான். அதுக்கு ஏஜெண்டுக்குக் கட்டின பணம் அவங்க அம்மாவோட நகை.

சரி, டாட்டூ போடும்போது என்ன நடக்குது?

நம்ம தோல்ல மேல் அடுக்கு செத்து உதிர்ந்துக்கிட்டே இருக்கும். அங்க மை வெச்சா கொஞ்ச வாரத்துல போயிடும். அதனால அதுக்குக் கீழ இருக்கற அடுக்குல, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துல மையை வைக்கணும். அங்க ரத்தக்குழாய் இருக்கு. ஊசி அந்த ஆழத்துக்குப் போகும்போது ரத்தத்தைத் தொடாம திரும்பாது. ஒரு சின்ன டாட்டூவுக்கே ஆயிரக்கணக்கான தடவை குத்து விழும். இது அழகுக்கலை மட்டும் இல்லீங்க, ஒரு சின்ன சர்ஜரி மாதிரி.

ஆஸ்பத்திரில எங்களுக்கு ஊசி தவறிக் குத்திட்டா பயப்படுற கணக்கு ஒண்ணு இருக்கு. குத்துன ஊசியில எச்.ஐ.வி ரத்தம் இருந்தா, தொத்துற வாய்ப்பு 1000-ல 3. அதுவே ஹெபடைடிஸ் பி ரத்தமா இருந்து, நாம தடுப்பூசி போடாதவங்களா இருந்தா, 100-ல 6 முதல் 30 வரைக்கும். எல்லாரும் எய்ட்ஸுக்குத்தான் பயப்படுறாங்க. ஹெபடைடிஸ் பி அதைவிட பல மடங்கு சுலபமா தொத்தும். காய்ஞ்ச ரத்தத்துளியில 7 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். "துடைச்சாங்க சார்"ங்கற பதிலை இப்ப திரும்பப் படிங்க.

"அரசாங்கம் இதைக் கண்காணிக்காதா?"ன்னு கேப்பீங்க. டாக்டருக்குப் பதிவு எண் இருக்கு, மருந்துக்கடைக்கு லைசென்ஸ் இருக்கு. டாட்டூ போடுறவருக்குன்னு நாடு முழுக்க ஒரே தகுதி, ஒரே லைசென்ஸ்னு எதுவும் கிடையாது. மெஷின் ஆன்லைன்ல கிடைக்குது. வாங்குனவர் எல்லாரும் ஆர்ட்டிஸ்ட். 2024 டிசம்பர்ல திருச்சில ஒரு டாட்டூ கடையில நாக்கை ரெண்டா பிளந்துவிட்ட செய்தி படிச்சிருப்பீங்க. கைதும் சீலும் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். அதிகாரிங்க கடைசியில வருவாங்க. முதல்ல அந்த நாற்காலியில உக்காரப்போறது நீங்க. அதனால இன்ஸ்பெக்டர் வேலையையும் நீங்கதான் பார்க்கணும்.

எப்படிப் பார்க்கறது?

போடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் சும்மா போங்க. இன்ஸ்டாகிராம்ல இருக்கற படம் அவர் எவ்வளவு நல்லா வரைவார்னு மட்டும்தான் சொல்லும். எவ்வளவு சுத்தமா வேலை செய்வார்னு சொல்லாது. பேச்சுக் கொடுத்துக்கிட்டே கீழ்க்கண்டதைக் கவனிங்க.

1. ஊசி. சீல் வெச்ச பாக்கெட்ல இருந்து உங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். பாக்கெட்ல ஸ்டெரைல்னு போட்டிருக்கணும், காலாவதித் தேதி தாண்டியிருக்கக் கூடாது. "இப்பதான் பிரிச்சு வெச்சேன்"னா, இன்னொண்ணு பிரிக்கச் சொல்லுங்க. ஊசியைச் சுடுதண்ணில போடுறது, ஸ்பிரிட்ல துடைக்கிறது, தீயில காட்டுறது எதுவுமே ஸ்டெரிலைஸ் பண்றது ஆகாது.

2. குப்பை. நான் தலைப்புல சொன்னது இதைத்தான். ஊசி போடுறதுக்குன்னு கெட்டியான தனி டப்பா இருக்கா? பயன்படுத்துன ஊசி உடனே அதுக்குள்ள போகுதா? சாதாரண குப்பைக்கூடையில டீ கப்போட ஊசி கிடந்தா வெளிய வந்துடுங்க. ஊசியை எங்க தூக்கிப் போடுறதுன்னு யோசிக்காதவர், தூக்கித்தான் போடுறாரான்னே சந்தேகம்.

3. மெஷின். ஊசி புதுசா இருந்தா மட்டும் போதாது. இதைத்தான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஊசி போய் உக்காருற பிடியும் மெஷினும் பழசுதானே? இப்ப வர்ற நல்ல கார்ட்ரிட்ஜ் ஊசிகள்ல உள்ளே ஒரு சவ்வு இருக்கும். மையும் ரத்தமும் பின்னாடி மெஷினுக்குள்ள ஏறாம அது தடுக்கும். மெஷின் மேலயும் ஒயர் மேலயும் பிளாஸ்டிக் உறை மாட்டி, ஒவ்வொரு ஆளுக்கும் மாத்தணும். ஸ்டீல் பிடி வெச்சிருந்தா "ஆட்டோகிளேவ் இருக்கா?"ன்னு கேளுங்க. 121 டிகிரியில அழுத்த நீராவி கொடுக்கற கருவி அது. இல்லைன்னா ஸ்டீல் பிடி வேண்டாம்னு சொல்லிடுங்க.

4. மை. பெரிய பாட்டில்ல நேரா ஊசியை முக்கக் கூடாது. உங்களுக்குன்னு குட்டிக் கப்புல ஊத்தணும், மிச்சத்தைக் கொட்டிடணும். திரும்ப பாட்டில்ல ஊத்துனா, உங்களுக்கு முன்னாடி வந்தவரோட ரத்தமும் அந்த பாட்டில்ல இருக்கு. மையைக் குழாய்த்தண்ணியோ கேன் தண்ணியோ கலந்து இளக்கக் கூடாது. தண்ணில இருக்கற ஒருவகை மைக்கோபாக்டீரியா, காசநோய்க் கிருமியோட சொந்தக்காரன், தோல்ல மாசக்கணக்கா ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அமெரிக்காவுல ராச்செஸ்டர் நகரத்துல 2011 கடைசியில 19 பேருக்கு இப்படி வந்துச்சு. அங்க மையே கம்பெனில இருந்து வரும்போது கெட்டுப்போயிருந்துச்சு. அதனால பிராண்டு பேரு, பேட்ச் எண் இருக்கற மையான்னு பாருங்க. லேபிளை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. நாளைக்கு ஏதாவது ஆனா, எனக்கு அந்த போட்டோ ரொம்ப உதவும்.

5. கை. கையுறை போட்டிருக்காரா இல்லையான்னு மட்டும் பார்க்காதீங்க. போட்ட கையுறையோட போன் எடுக்கறாரா, மூக்கைச் சொறியறாரா, வாசலின் டப்பாவுக்குள்ள விரலை விடுறாரான்னு பாருங்க. அப்படி செஞ்சுட்டு கையுறை மாத்தலைன்னா, அது அவர் கையைக் காப்பாத்துது, உங்களை இல்ல.

இப்ப ஆறாவது. என்னைக் கேட்டா இதுதான் முக்கியம். அவர் உங்களை என்ன கேக்குறார்?

சுகர் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறீங்களா, கர்ப்பமா, ஏதாவது அலர்ஜி உண்டா, அடிபட்ட தழும்பு புடைச்சு வளருமான்னு கேக்கணும். கடைசிக் கேள்வி நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப அவசியம். கீலாய்டுன்னு சொல்ற புடைப்புத் தழும்பு நம்ம தோல் நிறத்துக்கு அதிகம் வரும், அதுவும் நெஞ்சு, தோள்பட்டைல. காது குத்துன இடத்துல உங்களுக்குக் கட்டி வந்திருந்தா டாட்டூவே யோசிக்க வேண்டிய விஷயம். இதையெல்லாம் கேட்டுட்டு "உங்களுக்கு வேண்டாங்க, ஸ்கின் டாக்டரைப் பார்த்துட்டு வாங்க"ன்னு ஒருத்தர் சொன்னார்னா, அவர் நம்பரைப் பத்திரமா வெச்சுக்கோங்க. வர்ற காசை வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சவர் அவர். 18 வயசு ஆகாத பசங்களையும், குடிச்சுட்டு வர்றவங்களையும் திருப்பி அனுப்புறவரும் அப்படித்தான்.

வலி தெரியக்கூடாதுன்னு மரத்துப்போற கிரீமை முதுகு முழுக்கப் பூசி பிளாஸ்டிக் சுத்துற ஆளுங்ககிட்டயும் ஜாக்கிரதை. அதுல இருக்கற லிடோகெய்ன் அளவுக்கு மீறி உள்ளே போனா வலிப்பு வரலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.

"இவ்வளவு கேள்வி கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா சார்?"

நல்ல ஆர்ட்டிஸ்ட் கோவிச்சுக்க மாட்டார். சந்தோஷப்படுவார். ஊசிக்கும் உறைக்கும் கையுறைக்கும் அவர் காசு செலவு பண்றார். பக்கத்துக் கடைக்காரர் பாதி விலைக்குப் போடுறது அந்தச் செலவை எல்லாம் மிச்சம் பிடிச்சுத்தான். நீங்க கேள்வி கேட்டாத்தான் அவரோட நேர்மைக்கு ஒரு மதிப்பு. கோவிச்சுக்கறவர்கிட்ட போட வேண்டாம். முடிஞ்சது.

இன்னொண்ணு மனசைத் திறந்து சொல்றேன். ஒரு காலத்துல எங்க டாக்டர்ங்க கிளினிக்கும் இப்படித்தான் இருந்துச்சு. கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்து வரிசையா எல்லாருக்கும் குத்துன காலம் இருந்துச்சு. அது மாறுனதுக்கு சட்டமும் மலிவா வந்த பிளாஸ்டிக் சிரிஞ்சும் காரணம்தான். கூடவே, குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு "புது ஊசிதானே சார்?"னு கூச்சப்படாம கேட்ட அம்மாக்களும் ஒரு காரணம். எனக்கே அந்தக் கேள்வி வந்திருக்கு. முதல் தடவை சுருக்குன்னுதான் இருந்துச்சு. அப்புறம் அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே பாக்கெட்டைக் காட்டிப் பிரிக்கப் பழகிட்டேன். டாட்டூ கடைகளையும் நீங்க அப்படிப் பழக்கிடலாம்.

உங்க பக்கத்துல செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ்: இன்னிக்கு, ஒரு மாசம் கழிச்சு, ஆறாவது மாசம். குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்துல இது எல்லா மாநிலத்துக்கும் வந்தது 2011 வாக்குலதான். அதுக்கு முன்னாடி பிறந்தவங்க நிறைய பேர் போட்டிருக்க மாட்டீங்க. டாட்டூ ஆசையை ஒரு ஆறு மாசம் தள்ளிப் போட்டு இதை முடிச்சுட்டுப் போங்க. ஹெபடைடிஸ் சி-க்கும் எச்.ஐ.வி-க்கும் இப்படித் தடுப்பூசி கிடையாது. டாட்டூ போட்ட பிறகு 12 மாசம் ரத்ததானம் செய்யக் கூடாது, அதையும் மறந்துடாதீங்க.

ஏற்கெனவே திருவிழாவுலயோ பீச்லயோ போட்டுட்டவங்க பதற வேண்டாம். ஆனா சும்மாவும் இருக்க வேண்டாம். எச்.ஐ.வி, ஹெபடைடிஸ் பி, சி மூணு டெஸ்டும் ஒரு தடவை எடுத்துடுங்க. சமீபத்துல போட்டிருந்தா மூணாவது மாசமும் ஆறாவது மாசமும் திரும்ப எடுக்கணும். எச்.ஐ.வி டெஸ்ட் அரசு மருத்துவமனைல இருக்கற நம்பிக்கை மையத்துல இலவசம், ரகசியமா வெச்சுக்குவாங்க. நேத்துதான் போட்டது, ஊசி மாத்தலைன்னு உறுதியா தெரியுதுன்னா, இந்தப் பதிவை மூடிட்டு உடனே கிளம்புங்க. எச்.ஐ.வி-யைத் தடுக்கற மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன்.

அந்தப் பையன் போன மாசம் வந்தான். உள்ளூர்லயே ஒரு பட்டறையில வேலை. கையில அந்தப் பேரு அப்படியே இருக்கு. "லேசர்ல எடுத்துடலாமா சார்?"ன்னு கேட்டான். எடுக்கலாம், பல தடவை வரணும், ஒவ்வொரு தடவையும் செலவுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கையையே பார்த்துட்டு, "இருக்கட்டும் சார், என் தம்பிக்குக் காட்டறதுக்கு ஆகும்"னான்.

உங்க வீட்டுலயும் ஒரு தம்பியோ தங்கச்சியோ டிசைன் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. திட்டாதீங்க. இதைப் படிக்கக் கொடுங்க. முடிஞ்சா கடைக்குக் கூடவே போய், அந்தக் குப்பைக்கூடையை எட்டிப் பாருங்க.