தீ மருந்து

சீனர் வெடிமருந்தைக் கண்டனராயினும் அதனை வாணவேடிக்கைக்கே பயன்படுத்தினர் என்றும், படைக்கலமாக்கியவர் மேலைநாட்டாரே என்றும் கூறுவார் பலர். சீனர் அமைதியையே விரும்பினர் எனும்போது இக்கூற்றுப் புகழ்ச்சியாகும்; தாம் கண்ட பொருளின் ஆற்றலை அறிந்திலர் எனும்போது இகழ்ச்சியாகும். ஆராய்ந்து நோக்கின் இரண்டும் உண்மையல்ல என்பது விளங்கும்.

வெடிமருந்து போர்க்களத்தில் பிறந்ததன்று. சீனத்துத் தாவோ நெறியினருள் இரசவாதம் வல்லார் சிலர் சாவாமை தரும் மருந்தைத் தேடினர். கந்தகம், மனோசிலை, வெடியுப்பு ஆகியவற்றைத் தேனுடன் சேர்த்துக் காய்ச்சியபோது தீப்பற்றிக் கைகளும் முகங்களும் வெந்தன; வீடும் எரிந்தது. 9ஆம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் நூலொன்று இதனைக் கூறி எச்சரிக்கின்றது. சீனர் அக்கலவைக்கு இட்ட பெயரின் பொருள் ‘தீ மருந்து’ என்பதாகும். சாவாமையைத் தேடியவர் கையில் சாவின் கருவி கிட்டிற்று!

அது படைக்கலமானதும் சீனத்திலேயேயாம். 1044ஆம் ஆண்டில் தொகுத்து முடிக்கப்பெற்ற ‘வூச்சிங் சுங்யாவ்’ என்னும் போர்நூல், வெடிமருந்து செய்யும் முறைகளைத் தருகின்றது. அக்கலவைகளில் வெடியுப்புக் குறைவாதலின், அவை வெடித்தலினும் எரித்தலுக்கே மிகுதியும் உதவின. 1132இல் தேஆன் நகரைக் காத்த வீரர், மூங்கிற் குழல்களில் மருந்தை அடைத்து, முற்றுகையிட்டோர்மீது தீயை உமிழச் செய்தனர். 1232இல் கைபெங் நகரைக் காத்தோர், இரும்புக் கலங்களில் மருந்தை நிரப்பி மங்கோலியர்மீது எறிந்தனர். 1259இல் தீயுடன் குண்டையும் உமிழும் மூங்கிற்குழல் தோன்றியது. 1298ஆம் ஆண்டைக் குறிக்கும் எழுத்துப் பொறித்த வெண்கலத் துப்பாக்கியொன்று இன்றும் உள்ளது. ஐரோப்பாவில் துப்பாக்கியைக் காட்டும் மிகப் பழைய ஓவியமோ 1326ஆம் ஆண்டினதேயாம்.

ஆகவே, துப்பாக்கி ஒருவர் ஒருநாளில் கண்டதன்று. தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. அவ்வளர்ச்சியை விரைவித்தது யாது? போரே. நகரைக் காத்தற்கு நேற்றைய கருவி போதாதபோது, இன்று புதியதொன்று வேண்டியதாயிற்று. அந்நெருக்கடியில் எந்நாட்டாரும் அவ்வாறே செய்திருப்பர். ஆதலின் ஒரு நாட்டாரை அமைதியின் உருவென்றும், மற்றொரு நாட்டாரைக் கொடுமையின் உருவென்றும் கூறுதல் வரலாறு ஆகாது. பிற்காலத்தில் அம்மருந்தே பாறையைப் பிளந்து சுரங்கம் அமைக்கவும் உதவிற்று. நன்மையும் தீமையும் மருந்தில் இல்லை. அதனை ஆளும் மாந்தர் நெஞ்சிலேயே உள்ளன.